ஒரு நகம், நாலு இஞ்ச்

பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் அவள் அதைப் பைக்குள் போடமாட்டாள். ஒரு ஓரத்திலிருந்து மடிக்கத் தொடங்குவாள். ஒரு மடிப்பு, அதற்கு எதிர் மடிப்பு, மறுபடியும் ஒரு மடிப்பு. இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் டிக்கெட் விசிறி ஆகியிருக்கும். மூன்றாவது நிறுத்தத்தில் மேல் பக்கத்தை நகத்தால் அழுத்தி ஒன்றுசேர்த்து, கீழ்ப் பக்கத்தைக் கொஞ்சம் விரித்துவிடுவாள். அவ்வளவுதான், அது மடிப்பு வைத்த பாவாடை. கட்டைவிரல் உயரம்.

இருபத்திரண்டு வருடங்களாக இதைப் பார்த்துவருகிறவர்கள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டினார்கள். ஒரு அம்மாள் நல்ல டாக்டர் ஒருவரின் விலாசத்தை எழுதியே கொடுத்தாள். அவள் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். காகிதம் நல்ல காகிதம். இறங்குவதற்குள் அது முழுக்கைச் சட்டை ஆகிவிட்டது.

அந்தப் பழக்கத்தால்தான் அவளுக்குக் கல்யாணமும் ஆனது. ஒரு நாள் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். எல்லாரும் டிக்கெட்டைக் காட்ட, அவள் ஒரு பாவாடையை நீட்டினாள். பரிசோதகர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அபராதப் புத்தகத்தை எடுத்தார். அவளுக்கு வாய் வரவில்லை. வாய் வராதது அவளுக்குப் புதிதும் இல்லை. பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"டிக்கெட்தான் சார் அது. நம்பர் இடுப்புல இருக்கு, பாருங்க."

இடுப்பில் நம்பர் இருந்தது. ஆறு மாதம் கழித்து அந்தக் கண்டக்டர் அவளுடைய கணவர் ஆனார். அவருக்குப் பேச்சைக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவளுக்குத் தனக்காகப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. பொருத்தம் பார்ப்பதென்றால் இதைவிட என்ன பார்ப்பது?

கடையில் அவளுக்குக் குண்டூசி என்று பேர். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். வீட்டில் வேலைக்குக் கை வேண்டியிருந்தது என்பது வெளியே சொன்ன காரணம். டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது சொல்லாத காரணம். பள்ளிக்கூடத்திலிருந்து நேராகத் தையல் கடைக்கு வந்தாள். அங்கே அவளுக்கு முதலில் பிடித்துப்போனது, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்யலாம் என்பதுதான். வாயில் ஆறு குண்டூசி வைத்திருக்கிறவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அதனால் வேலை இல்லாத நேரத்திலும் கவ்விக்கொண்டாள்.

கடை முதல் மாடியில். கீழே சாவி செய்கிற கடை. அரம் தேய்க்கிற சத்தம் நாள் முழுக்கத் தரை வழியாக ஏறிவரும். மேலே மூன்று மெஷின், ஒரு வெட்டும் மேசை, திரை போட்ட ஒரு மூலை, ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் மேல்பக்கம் இரண்டு விரற்கடை பின்னால் சாய்ந்திருக்கும். அதில் யார் பார்த்தாலும் கொஞ்சம் நெட்டையாகவும் கொஞ்சம் ஒல்லியாகவும் தெரிவார்கள். ஆணி தளர்ந்துபோய் அது சாயவில்லை. மாஸ்டர் தன் கையால் சாய்த்து வைத்தது.

மாஸ்டர்தான் கடை முதலாளி, அவரே கட்டிங். துணி வெட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது அவருடைய கத்திரி அல்ல, வாய். டேப்பை இடுப்பைச் சுற்றிப் பிடிப்பார். டேப்பில் நாற்பது இருக்கும். "முப்பத்தஞ்சு" என்று சத்தமாகச் சொல்வார். அம்மாள்களின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே படி ஏறிவருவார்கள். இந்த ஊரில் ஒழுங்காக அளவெடுக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். எதிர்ப் பக்கம் இன்னொரு தையல்காரர் கடை போட்டார். டேப்பில் உள்ளதை உள்ளபடி படிக்கிற மனிதர். ஒன்றரை வருடம் தாங்கினார். இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் நடக்கிறது.

பொய் சொல்வது சுலபம். சொன்ன பொய்யை வைத்துத் துணி வெட்டுவதுதான் கஷ்டம். வாடிக்கையாளர்கள் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். அதனால் நோட்டிலும் முப்பத்தைந்து என்றே எழுத வேண்டும். எழுதுவது குண்டூசியின் வேலை. எழுதினாள். மாஸ்டர் நோட்டைப் பார்த்து வெட்டினார். முதல் கவுன் தோளைத் தாண்டி இறங்கவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று சமாளித்தார். இரண்டாவது முறை பருவநிலைமேல் பழியைப் போட்டார். மூன்றாவது முறை ஓர் அம்மாள் இரண்டு கையும் மேலே தூக்கியபடி கவுனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தில் கீழே சாவிக்காரர் அரத்தை நிறுத்திவிட்டு மேலே வந்து பார்த்தார். கத்திரியால் வெட்டித்தான் அவளை வெளியே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நோட்டில் ரகசியப் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் அது என்ன புள்ளி என்று கேட்டார்கள். எறும்பு என்றார் மாஸ்டர். எத்தனை நாளைக்கு எறும்பு என்று சொல்ல முடியும்?

வழி கண்டது குண்டூசிதான். மாஸ்டரின் வாய் ஒன்று சொல்லும். டேப்பை அழுத்திப் பிடித்த அவருடைய கட்டைவிரல் வேறொன்று சொல்லும். அவள் விரலைப் பார்த்தாள். கையில் காலையில் வாங்கிய டிக்கெட் இருந்தது. தன் சுண்டுவிரல் நகத்தின் அகலம் டேப்பில் நாலு இஞ்ச் என்று தானாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஏன் நாலு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டிக்கெட்டின் நீளத்துக்கு அது ஒத்துவந்தது. நாற்பது இஞ்ச் இடுப்பென்றால் பத்து நகம். தோளுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, நீளத்துக்கு இவ்வளவு. மடித்து, கிள்ளி, ஒட்டி, அந்த அம்மாளின் துணிக் கட்டின்மேல் வைத்துவிட்டு பட்டன் தைக்கப் போய்விட்டாள்.

மாஸ்டர் அதை எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டேப்பின் நுனியை அவள் நகத்தின்மேல் வைத்து ஒரு தரம் அளந்தார். பிறகு வெட்டினார். கவுன் அந்த அம்மாளுக்கு அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. பாராட்டு என்றெல்லாம் ஒன்றும் வரவில்லை. அடுத்ததற்கும் ஒன்று செய்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

வேலைக்கு அவ்வளவு போதும். இடுப்பு, தோள், கை, நீளம் தெரிந்தால் மாஸ்டர் வெட்டிவிடுவார். ஆனால் அவளால் எதையும் அரையும் குறையுமாக விட முடியாது. காலர் வைத்தாள். காலர் வைத்த பிறகு பட்டன் இல்லாமல் பார்க்கச் சகிக்கவில்லை. பட்டனுக்கு எங்கே போவது? கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுகிறபோது பொட்டுப் பொட்டாகக் காகிதம் உதிருமே, அதை ஒரு நாள் அவருடைய சட்டைப் பையில் பார்த்தாள். அன்றிலிருந்து அவர் அதைப் பழைய பவுடர் டப்பாவில் சேர்த்துக்கொண்டு வந்தார். மற்றப் புருஷன்மார்கள் வேறு என்னென்னவோ வாங்கி வருவார்கள். இவர் வாரம் ஒரு டப்பா ஓட்டை கொண்டுவந்தார். அவளுக்குக் குறை இல்லை.

காகிதம் துணி மாதிரி வளையாது என்பதைச் சட்டையின் அக்குள் கிழிந்து கிழிந்து தெரிந்துகொண்டாள். ஈர விரலால் ஒரு தரம் தடவினால் வளையும். இரண்டு தரம் தடவினால் கூழாகும். ஊசியின் காதுப் பக்கத்தால் கோடு இழுத்தால் மடிப்பு மயிரிழையாக விழும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத் தாள் மாதிரி மடிப்புக்கு வாகான காகிதம் உலகத்தில் இல்லை. அதில் டாக்டர் சம்சாரத்துக்கு ஒரு கவுன் செய்தாள். பக்கவிளைவுகள் எல்லாம் கீழ் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் ஓடின. கணக்கு டீச்சருக்குக் கட்டம் போட்ட தாள். தேர்தலில் நின்று தோற்ற அம்மாளுக்கு அவளுடைய நோட்டீஸே. சிரித்த முகம் சரியாக முதுகுப் பக்கம் வந்தது. வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டால் அவள் வாயில் குண்டூசி இருக்கும்.

உடைகள் செருப்புக் கடை அட்டைப்பெட்டியில் வரிசை எண் போட்டு இருந்தன. நோட்டில் அம்மாள்கள் எப்படி இருக்க ஆசைப்பட்டார்களோ அப்படி இருந்தார்கள். பெட்டியில் இருக்கிறபடி இருந்தார்கள். ஒரு தோள் இறங்கினவளுக்கு ஒரு தோள் இறங்கித்தான் இருந்தது. முகத்துக்கு நேரே ஒருவரிடமும் ஒரு நிஜத்தையும் சொல்லிப் பழகாத அவள், எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் சொல்லி வைத்திருந்தாள். யாரும் கேட்கப்போவதில்லை என்கிற தைரியம்தான்.

பெட்டியைத் திறந்தது அவள் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார். கண்டக்டரின் அக்கா, மகளிர் சங்கத்தின் செயலாளர். குரலைத் தணித்துப் பேசுவது தன் பதவிக்கு இழுக்கு என்று நினைக்கிறவள். புதுக் கவுன் போட்டுப் பார்க்க வந்தவள், உட்கார இடம் தேடி, நாற்காலியில் இருந்த பெட்டியைத் தூக்கினாள். மூடி விழுந்தது. உள்ளே மேலாக, மகளிர் சங்க ஆண்டு விழா அழைப்பிதழில் செய்த ஒரு கவுன். கழுத்தில் நாத்தனார் எப்போதும் வைத்துக்கொள்கிற பெரிய வில் முடிச்சு. அதன்மேல் தங்க எழுத்தில் 'செயலாளர்'.

குண்டூசி மூடியை எடுக்கக் குனிந்தாள். நாத்தனார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னையா செஞ்சு வச்சிருக்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. இவ்வளவு மரியாதையா மனசுக்குள்ள?"

தான் அவளைக் கும்பிட்டு வைத்திருப்பதாக நாத்தனார் நினைத்துவிட்டாள் என்று குண்டூசிக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. மறுப்பதற்குள் விஷயம் கைமீறிப் போய்விட்டது. சங்கத்துக்கு அந்த வருடம் ஒரு நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும். போன வருடம் நடத்தியது பற்பாதுகாப்பு. வந்தவர்கள் பதினோரு பேர். காகித உடைக் கண்காட்சி என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். மாஸ்டர் முதலில் வேண்டாம் என்றார். வாசலில் கட்டுகிற துணியில் கடையின் பேர் பெரிய எழுத்தில் வரும் என்றதும் சரி என்றார்.

சங்கக் கூடத்தில் நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய கண்ணாடி அலமாரிகளில் அறுபத்து மூன்று உடைகள் ஏறின. ஓவியக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் திறந்து வைக்க வந்தார். ஒவ்வொன்றையும் மூக்கு உரசப் பார்த்தார். உடல் இல்லாத இந்த உடைகள் இல்லாமையின் இருப்பைப் பேசுகின்றன என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கண்டக்டர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், ஆள் இல்லாத பஸ்ஸையும் இப்படிச் சொல்லலாமா என்று விசாரித்தார்.

பேராசிரியருக்கு இரண்டு யோசனைகள் தோன்றின. இரண்டுமே வினை. ஒன்று, கடையின் அளவு நோட்டை நகல் எடுத்து, பேரை மறைத்து, அந்தந்த எண்ணுள்ள உடைக்குக் கீழே ஒட்ட வேண்டும். கலைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள உறவு தெரியும். மாஸ்டர் பெருமையோடு நோட்டைத் தூக்கிக் கொடுத்தார். அந்த நோட்டில் எழுதியிருப்பது பொய் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இருபது வருடம் ஒரே பொய்யைச் சொன்னால் அப்படித்தான்.

இரண்டாவது, என்ன விகிதத்தில் செய்தது என்று பலகையில் எழுத வேண்டும். பேராசிரியர் குண்டூசியின் பக்கம் திரும்பிக் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, எல்லார் முன்னாலும், அவளுக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வி. குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஒரு நகம், நாலு இஞ்ச்" என்றாள்.

பேராசிரியர் அசந்துபோனார். உடலே அளவுகோல் என்று சொல்லிக்கொண்டே பெரிய பலகையில் எழுத வைத்தார். அவள் காது வரை சிவந்து, குண்டூசிகளை மறுபடி கவ்விக்கொண்டாள். பதில் சொன்ன சந்தோஷம் அவளுக்குச் சரியாக நாலு மணி நேரம் இருந்தது.

மத்தியானம் கணக்கு டீச்சர் வந்தார். பணி ஓய்வு பெற்றவர். கைப்பையில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் வருவார், ஸ்கேல் இல்லாமல் வரமாட்டார். மாஸ்டரிடம் போனால்கூட டேப்பைத் தானே வாங்கிப் படித்து, வாயை மூடிக்கொண்டு எழுதச் சொல்கிறவர். நோட்டிலும் உடையிலும் அவர் ஒருவருக்குத்தான் ஒரே அளவு. பலகையைப் படித்தார். குண்டூசியின் சுண்டுவிரலைக் கேட்டு வாங்கி ஸ்கேலில் வைத்தார். சரியாக ஒரு சென்டிமீட்டர். அலமாரியைத் திறக்கச் சொல்லி, செயலாளரின் உடையைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தார். நாற்பது வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிய குரல்.

"பத்து சென்டிமீட்டர். பத்து நகம். நாலு பத்து நாப்பது. இங்க முப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. அளக்குறதுன்னா இதுதானா மாஸ்டர்?"

பிறகு ஒவ்வொருத்தியாக நூல் கேட்டார்கள். கிண்டலுக்காகத் தொடங்கினார்கள், அடுத்தவளுடைய இடுப்பை அளப்பதற்கு யாருக்கும் தயக்கம் இல்லை. டாக்டர் சம்சாரம் நாற்பத்தெட்டு, நோட்டில் நாற்பத்திரண்டு. தேர்தலில் தோற்றவள் இங்கேயும் தோற்றாள். ஒருத்தி மற்றவளைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் அவளுடைய முறை வந்தது. சாயங்காலத்துக்குள் கூடம் கொதித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் மாஸ்டர்மேல் ஒருத்திக்கும் கோபம் இல்லை. ஏன் இத்தனை வருடம் பொய் சொன்னீர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நாற்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நோட்டு சரி, காகிதம் தப்பு என்று ஒருமனதாக முடிவானது. சங்கத்தில் அதுவரை எதுவுமே ஒருமனதாக நிறைவேறியதில்லை.

மாஸ்டர் அந்த முடிவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நோட்டு என் அளவு. அதுல தப்பு வராது. இது சின்னப் பிள்ளை விளையாட்டு. ஏழாவதுகூடத் தாண்டாத பொண்ணு, அதுக்குக் கணக்கு தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

தீர்ப்பை நாத்தனார் படித்தாள். நாளைக் காலை பத்து மணிக்குக் கூடம் திறப்பதற்குள் எல்லா உடையையும் நோட்டுப்படி திருத்தி மடிக்க வேண்டும். இல்லையென்றால் அலமாரியில் இருப்பது மொத்தமும் பழைய பேப்பர்காரனுக்கு. மாஸ்டர் தன் பங்குக்கு, திருத்தாவிட்டால் கடைப் படி ஏற வேண்டாம் என்றார்.

வீட்டில் கண்டக்டர் வழக்கம்போல் எல்லாவற்றையும் சிரிப்பாக்கப் பார்த்தார். அக்காவின் இடுப்பை அரசிதழில் போட்டிருக்கலாம் என்றார். பஸ்ஸில் உட்கார இரண்டு சீட்டு பிடிக்கிறவர்களும் ஒரு டிக்கெட்தான் எடுக்கிறார்கள், நான் என்றைக்காவது கேட்டேனா என்றார். அவள் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓட்டைகளை டப்பாவில் கொட்டி மூடினார்.

"மடிச்சதைப் பிரிச்சா திரும்ப வருமா?" என்று கேட்டார்.

"வராது" என்றாள்.

வேலை போனால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். பட்டன் தைக்க இந்த ஊரில் ஆயிரம் சட்டை உண்டு. அந்த அறுபத்து மூன்றும் போனால் திரும்பச் செய்ய முடியாது. செய்தாலும் பொய்யாகத்தான் செய்ய விடுவார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாவி வாங்கிக்கொண்டு தனியாகக் கூடத்துக்குள் போனாள். ஒரு சின்னக் கத்திரி, பசைக் கிண்ணம், ஊசி, ஈரத் துணி. நாத்தனாரின் கவுனை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்பதை முப்பத்தைந்தாக்க வேண்டும் என்றால் ஒன்றேகால் நகம் உள்ளே வாங்க வேண்டும். இடுப்பின் முதல் மடிப்பை ஊசி நுனியால் நெம்பினாள். அழைப்பிதழ்க் காகிதம் முறுக் என்றது. தங்க எழுத்தில் 'செ' உதிர்ந்தது. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கையை எடுத்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ. நாற்பது, முப்பத்தைந்து. நாற்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. மாஸ்டரின் பொய் அவளுக்கு மனப்பாடம். இருபது வருடம் எழுதினவள் அவள்தானே. மனிதர் பொய்யிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். எட்டு இஞ்சுக்கு ஒரு இஞ்ச் தள்ளுபடி. யாருக்கும் கூட்டிக் குறைத்ததில்லை. அப்படியானால் எல்லாருக்கும் ஒரே மாதிரி எட்டில் ஒரு பங்கு குறைய வேண்டும். எட்டில் ஒரு பங்கு.

தலையைத் தூக்கினாள். எதிரே பலகை. ஒரு நகம் = 4 இஞ்ச்.

நாலில் எட்டில் ஒரு பங்கு அரை. ஏழாம் வகுப்புப் பாதிக்குள் வகுத்தல் நடத்தி முடித்திருந்தார்கள், நல்ல வேளை. பையைத் துழாவிக் காலையில் வாங்கிய டிக்கெட்டை எடுத்தாள். அன்றைக்கு அதை மடிக்கவில்லை. வெள்ளைப் பின்பக்கத்தில் மூன்றரை என்று எழுதி, ஓரம் சீராக வெட்டி, நாலின்மேல் ஒட்டினாள். நாத்தனாரின் 'செ'யைப் பசை தொட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். மடிப்பை ஈர விரலால் ஒரே ஒரு தரம் தடவினாள். அலமாரியை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். மணி எட்டே முக்கால்.

பத்து மணிக்கு எல்லாரும் நூலோடு வந்தார்கள். நாத்தனார்தான் முதலில். பத்து நகம். பலகையைப் பார்த்து விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். மூன்றரை பத்து, முப்பத்தைந்து. இன்னொரு தரம் போட்டாள். அப்போதும் முப்பத்தைந்து.

"பாத்தீங்களா" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து என்னமோ ஊதினாப்ல இருந்துச்சு. இப்பதான் என் இடுப்பு மாதிரி இருக்கு."

டாக்டர் சம்சாரத்துக்குப் பன்னிரண்டு நகம், நாற்பத்திரண்டு. எல்லாருக்கும் நோட்டும் உடையும் தைத்து வைத்த மாதிரி ஒத்துப்போயின. பலகையில் நேற்று என்ன இருந்தது என்று ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தவர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். நீளத்தில் ஒவ்வொருத்தியும் அரை அடிக்கு மேல் குட்டையாகிப் போனதையும் யாரும் கேட்கவில்லை. உயரத்தை யார் அளக்கிறார்கள்? மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பொண்ணை உட்கார வைத்து அறுபத்து மூன்றையும் தானே பக்கத்திலிருந்து திருத்தியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அவளைப் பார்த்து, திங்கட்கிழமை சீக்கிரம் வந்துவிடச் சொன்னார்.

பதினொரு மணிக்குக் கணக்கு டீச்சர் வந்தார். குண்டூசி எழுந்து நின்றாள். அவர் யாருடைய உடைக்கும் போகவில்லை. நேராகக் கட்டம் போட்ட தாளில் செய்த தன்னுடையதற்குப் போனார். நோட்டில் முப்பத்திரண்டு. எட்டு நகம். மூன்றரை எட்டு இருபத்தெட்டு. பலகைக்கு வந்தார். ஒட்டுத் துண்டை விரலால் தடவினார். குண்டூசி பக்கத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"உன் நகம் வளந்துச்சா, இல்ல நாலு தேஞ்சுச்சா?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் குத்திக்கொண்டாள். ஆறாவது எடுக்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"ஒரு உடையையும் தொடலை டீச்சர்" என்றாள். "அண்ணியோடதுல ஒரு மடிப்பு மட்டும். அதையும் மூடிட்டேன்."

டீச்சர் கூடத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் முப்பத்தைந்தும் நாற்பத்திரண்டுமாகச் சந்தோஷமாக இருந்தார்கள்.

"கணக்கு சரி. விடைதான் தப்பு" என்றார். "ஊரே இளைக்கணும்னு என்னை இருபத்தெட்டு இஞ்ச் எட்டாம் கிளாஸ் பிள்ளையா ஆக்கிட்டியே. சரி, போ. நான் ஒருத்திதான நஷ்டப்பட்டேன், எனக்கு என் அளவு தெரியும்."

ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"உன்னுது எது இதுல?"

இல்லை என்று தலையாட்டினாள். அவளை யாரும் அளவெடுத்ததில்லை; கடையில் மிச்சம் விழுகிற துணியில் தானே உத்தேசமாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறவள். டீச்சர் அவளுடைய சுண்டுவிரலை ஒரு தரம் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் என்று வைத்த கண்காட்சி ஒரு மாதம் ஓடியது. பேராசிரியர் ஒரு பத்திரிகையில் நாலு பக்கம் எழுதினார். நாலிலிருந்து மூன்றரைக்கு வந்த துணிச்சலை வெகுவாகப் பாராட்டியிருந்தார்; அது எதனால் என்று அவருக்கு ஏதோ ஒரு காரணம் தெரிந்திருந்தது. கண்டக்டர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அவளுக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. தாள் வழவழப்பாக இருந்ததால் மடிப்புக்கும் சரிப்படவில்லை.

இப்போது அலமாரிகள் சங்கக் கூடத்திலேயே நிரந்தரமாக இருக்கின்றன. உள்ளே இருநூற்றுப் பதினெட்டு உடைகள். காகித உடை வேண்டும் என்பதற்காகவே கவுன் தைக்கக் கொடுக்கிறவர்கள் உண்டு. நாத்தனார்தான் காப்பாளர். குண்டூசி அதே கடையில் பட்டன் தைக்கிறாள், நோட்டு எழுதுகிறாள். நோட்டு மூன்றாவது நோட்டு. மாஸ்டர் இன்னும் எட்டுக்கு ஒன்று குறைத்துத்தான் சொல்கிறார்; அவள் கட்டைவிரலைத்தான் பார்க்கிறாள். எந்தக் கவுனும் தோளில் மாட்டுவதில்லை. பலகையில் டிக்கெட் துண்டு பழுப்பேறிவிட்டது, உரியவில்லை. டீச்சர் கேட்ட பிறகு அவள் தனக்கென்று செய்த உடை வீட்டில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் டிக்கெட்டில் செய்தது, நம்பர் இடுப்பில். அதற்கு மட்டும் ஒரு நகம் நாலு இஞ்ச்.